ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்: உந்துதலைத் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

"ஊரில் இருந்திருந்தால் நானும் எழுதியிருப்பேன்." பெங்களூரில் வாழும் தமிழர்களிடம் இந்தப் பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எழுத்துக்குப் பதில் சிலர் பாட்டு என்பார்கள், சிலர் படம் வரைவது என்பார்கள், ஒரு அக்கா எம்ப்ராய்டரி என்றார். அல்சூருக்குக் குடிவந்த முதல் நாலைந்து வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பையில் ஒரு புது நோட்டு இருக்கும். சொந்தக்காரர் வீடு, குலதெய்வம் கோயில், மத்தியானத் தூக்கம் என்று நாலு நாள் ஓடிவிடும். நோட்டு பிரிக்காமலே திரும்பி பஸ் ஏறும்.

மனசைக் கிளப்பிவிடும் விஷயம் வேறெங்கோ இருக்கிறது, நாம்தான் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பது முதல் தவறு. மற்ற தவறுகளுக்கெல்லாம் தாயும் இதுதான். சிலருக்கு அந்த 'வேறெங்கோ' சொந்த ஊர், சிலருக்குக் குடகு, சிலருக்கு நந்தி மலை. போய் வந்தால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது, தாராளமாகப் போகலாம். ஆனால் ஊர் ஏன் இன்னும் நம் கனவில் வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சின்ன வயதில் திண்ணையில் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து அதே தெருவை, அதே குழாயடியை, அதே வேப்பமரத்தை ஆயிரம் தடவை பார்த்தோம். அதனால் அது நமக்குள் தங்கிவிட்டது. இங்கேயும் தினம் அதே தெரு, அதே பால் பூத், அதே மெட்ரோ. நாம் நின்று பார்ப்பதுதான் நின்றுபோய்விட்டது.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு நினைப்பு, சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கேட்கிற இடத்தில் தமிழில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்பது. எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டி வரும். "சொப்பு... சொப்பூ..." என்று குரல் கேட்கும். கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பாட்டிமார்களும் அவரைச் சொப்புக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகள், ஐந்து வயது, அந்தக் குரலைக் கேட்டதும் வாசலுக்கு ஓடினாள். நம் ஊரில் சொப்பு என்றால் குட்டிக் குட்டிச் சமையல் சாமான் அல்லவா! வண்டி நிறைய மரச்சொப்பு இருக்கும் என்று போனவள், கீரைக்கட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சொப்புக்காரர் என்ன நினைத்தாரோ, ஒரு கொத்தமல்லிக் கொத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இந்தக் காட்சி மதுரையில் நடக்காது, திருநெல்வேலியில் நடக்காது. இரண்டு மொழி உரசும் தெருவில்தான் நடக்கும். அது கதையாக வேண்டுமானால் அந்தத் தெருவில் இருக்கும் தமிழர் ஒருவர்தான் அதை எழுத வேண்டும்.

படம் எடுத்துவிட்டுப் போய்விடுவது

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கப்பன் பார்க்கிலும் ஜெயநகரிலும் இளஞ்சிவப்பு டபேபுயா பூத்துக் கிடக்கும். மரத்தடியில் எல்லோர் கையிலும் போன். பத்து நிமிடத்தில் நாற்பது படம். அப்புறம் அடுத்த மரம். அந்தப் பூவின் உள்தொண்டை என்ன நிறம் என்று கேட்டால் சொல்ல வராது.

இதை ஒரு ஆய்வும் சொல்கிறது. லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்துக்குள் ஆட்களை அழைத்துப்போய், சில பொருட்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருட்கள்தான் நினைவில் குறைவாக இருந்தன. 2014இல் வெளியான ஆய்வு இது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. பொருளின் ஏதோ ஒரு பாகத்தை மட்டும் நெருக்கமாக இழுத்துப் படம் எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை. எந்த இடத்தை இழுப்பது என்று தேர்ந்தெடுக்க, முதலில் பார்த்தாக வேண்டியிருக்கிறது. அதனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முதலில் இரண்டு நிமிடம் பாருங்கள், பிறகு ஒரே ஒரு படம், ஏதோ ஒரு மூலையை மட்டும் எடுங்கள்.

அந்தப் பூமரங்களின் கதையும் தெரிந்திருந்தால் பார்வை மாறும். குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் 1908இல் மைசூர் சமஸ்தானத்து வேலைக்கு இங்கே வந்தார். ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்க வேண்டும், வருடம் முழுக்க ஏதாவது ஒரு சாலையில் பூ இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு இந்த ஊருக்கு மரம் தேர்ந்தெடுத்தவர் அவர். 1956இல் இந்த ஊரிலேயே காலமானார். லால்பாக் பக்கம் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பின்னாளில், 1980களில், வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹாள் முயற்சியில் லட்சக்கணக்கான மரங்கள் நட்டார்கள். டபேபுயாவும் ஜக்கராண்டாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஏப்ரல், மே மாதங்களில் சிவந்து எரியும் குல்மொஹருக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். பிழைக்க வந்த இடத்தில் பூக்கிற மரங்கள் என்று எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம் உண்டு.

பூக்கும் வாரத்தில் மட்டும் போனால் அந்த மரத்தின் மீதி ஐம்பது வாரம் நமக்குத் தெரியாது. வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரே ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். புங்கமரம் போதும். இலை மொத்தமும் கொட்டி, பத்துப் பதினைந்து நாளில் எண்ணெய் தடவினாற்போல் தளிர் விட்டு நிற்கும்போது, "இது நம்ம மரம்" என்று மனசு துள்ளும். அந்தத் துள்ளலுக்குப் பழக்கம்தான் காரணம்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இல் வைத்து, 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தார்கள். திறந்த சமயத்தில் போய்ப் பார்க்காத தமிழர் எங்கள் பக்கம் குறைவு. இன்று அதே வழியில் தினம் போகிறோம். அவர் கண் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. மூடியிருந்தபோது இருந்த ஆவலில் கொஞ்சத்தைத் திறந்த பிறகும் வைத்துக்கொண்டால் என்ன?

சும்மா இருக்கும் நேரத்தை நிரப்பிவிடுவது

அல்சூர் ஸ்டேஷனில் ஏறி ஒயிட்ஃபீல்டு போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேம்பாலத்தில் ஓடும் ரயில், மொட்டைமாடிகளுக்குச் சமமான உயரம். கொடியில் காயும் யூனிஃபார்ம், தண்ணீர்த் தொட்டி நிழலில் படிக்கும் பையன், கே.ஆர்.புரம் தொங்குபாலத்தின் கம்பிகள். பெட்டியில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதில்லை. காதில் ஒன்று, கையில் ஒன்று. வேலைக் களைப்பு, எனக்கும் புரிகிறது. ஆனாலும் மூளைக்குக் கொஞ்சம் போர் அடிக்க விட வேண்டும். சாண்டி மான் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் இங்கிலாந்தில் செய்த சோதனையில், 15 நிமிடம் டெலிபோன் டைரக்டரியிலிருந்து நம்பர்களை எழுதச் சொல்லிவிட்டு, பிறகு ஒரு ஜோடி கப்பை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். நம்பர் எழுதாமல் நேராக யோசித்தவர்களைவிட, நம்பர் எழுதிச் சலித்தவர்கள்தான் அதிக யோசனைகள் சொன்னார்கள். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் பதினைந்து நிமிடத்தையும் இப்படிப் பார்க்கலாம்.

நடையும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், உட்கார்ந்து யோசித்ததைவிட நடந்தபோது புது யோசனைகள் கணிசமாகக் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்து ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் கூடின. அழகான பூங்கா இருந்தால்தான் நடப்பேன் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கி, காதில் எதுவும் மாட்டாமல் நடந்தால் போதும்.

அழகானதை மட்டும் தேடுவது என்று ஒரு தவறு உண்டு. அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கே.ஆர். மார்க்கெட்டில் சாமந்திக் குவியலைப் பார்க்கிறோம். அதன் பக்கத்தில் ஈரச் சாக்கு, மிதிபட்ட இதழ், மூட்டை தூக்கி வந்து டீ குடிக்கும் அண்ணனின் தோளில் காய்த்துப்போன இடம். அந்தத் தோளையும் சேர்த்துப் பார்த்தால்தான் குவியல் எப்படி வந்தது என்று தெரியும்.

எல்லா நாளும் மனசு எழும்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்திக்கொள்வதும் தவறுதான். துக்க வீட்டிலிருந்து வந்த வாரம் எந்தப் பூவும் ஒன்றும் செய்யாது. அந்த வாரம் சும்மா இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பு இல்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, காலையில் எழவே மனசு வராமல் போனால் அது உந்துதல் பிரச்சினை இல்லை. மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் தலைமை மையம். இதைச் சொல்லிக்கொள்ளாமல் "இயற்கையை ரசியுங்கள், சரியாகிவிடும்" என்று யாருக்கும் அறிவுரை கொடுத்துவிடாதீர்கள்.

சேர்த்து வைத்துக்கொண்டே போவது

இதுதான் என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்த தவறு. நன்றாகப் பார்க்கப் பழகிவிட்டேன், குறிப்பும் எழுதினேன். போனில் நூற்றுக்கணக்கில் குறிப்புகள். ஒருநாள் எல்லாம் சேர்ந்து பெரிதாக ஏதோ ஆகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பார்த்ததை அன்றைக்கே கையால் ஏதாவது செய்யாவிட்டால், அது மூன்றாம் நாள் ஆறிப்போகிறது. நாலு வரி போதும். பஸ் டிக்கெட்டின் பின்னால் ஒரு கிறுக்கல், அல்லது மறுநாள் கோலத்தில் ஒரு புது வளைவு. நன்றாக வந்ததா என்பது பிறகு. வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டாம். "சூப்பர்" என்று ஆறு பேர் சொன்னதும் அந்த வேலை முடிந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு வாரமாவது உங்களிடமே இருக்கட்டும்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு பூக்கார அம்மாவின் கையை. சோமேசுவரர் கோயில் பக்கம் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வரும்போது அவரிடம் ஒரு முழம் மல்லி வாங்குவேன். இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. வலது கையில் நூல் ஒரு சுழற்று சுழன்று வளையமாகிக் காம்புகளின் மேல் விழும். ஒரே இழுப்பு. கணக்குப் பண்ணுவதற்குள் அடுத்த நாலு மொட்டு. பேச்சு நடக்கும், சில்லறை கைமாறும், கை மட்டும் தன் போக்கில் கட்டிக்கொண்டே இருக்கும். முழம் போடும்போது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்துவிட்டு, நாலு பூ சேர்த்து விட்டுத்தான் அறுப்பார்.

வீட்டுக்கு வந்து பால்பாயின்ட் பேனாவால் அந்தக் கையை வரைவேன். பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. எனக்கு வரையத் தெரியாது. முதல் நாள் வந்தது ஏதோ வேர் மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள்தான் சுண்டுவிரல் எப்போதும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். எட்டாம் நாள், அவர் பார்வை பூவின் மேல் இல்லை, தெருவின் மேல் இருக்கிறது என்று தெரிந்தது. வரைவதற்காகப் பார்த்ததால் தெரிந்தவை இவை. அந்த வாரங்களில் ஆபீஸிலிருந்து திரும்பும் களைப்பிலும் ஸ்டேஷன் படியில் கால் தானாக வேகம் எடுத்தது.

பன்னிரண்டாம் நாள் நோட்டை எடுத்துப்போய் அவரிடமே காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நூலு மேலேருந்து வராது, அடியிலேருந்து வரணும். இப்படிக் கட்டினா பூ கொட்டிடும்" என்றார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் பார்ப்பதற்காக ஒரு கண்ணியை மெதுவாகப் போட்டுக் காட்டினார்.