இன்சுலின் கலங்களுக்கு உறை போடுவது எப்படி: பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு செய்முறை

முதலாம் வகை நீரிழிவில் உடலின் நிர்ப்பீடனமே சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. புதிய கலங்களை மெல்லிய உறைக்குள் இட்டு உடலில் வைத்தால், குளுக்கோசும் இன்சுலினும் உறையூடாகப் போய்வரும்; பருத்த பிறபொருளெதிரிகள் உள்ளே நுழையா. 1980இல் லிம், சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளில் இதைச் செய்துகாட்டினார்கள். அவர்கள் உறைக்கு எடுத்தது கடற்பாசிப் பசையான அல்ஜினேற்று. மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் வகுப்புள்ள எந்த ஆய்வுகூடத்திலும் அதே பசையால் உறை செய்து பார்க்கலாம்.

தேவையானவை: சோடியம் அல்ஜினேற்று 2 கிராம், கல்சியம் குளோரைட்டு 4 கிராம், சோளமா 1 கிராம், அயடீன் கரைசல், சோடியம் சித்திரேற்றுக் கரைசல், 5 மி.லீ. சிரிஞ்சு, 21 கேஜ் ஊசி, சவர அலகு. கிணற்று நீர் வேண்டாம். அதில் கல்சியம் கரைந்திருந்தால் பசை கரையுமுன்பே கட்டிபட்டுவிடும். பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் போதும். கடையில் பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள்.

80 மி.லீ. வடிநீரைக் கலக்கிக்கொண்டே அல்ஜினேற்றுத் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே காய்ந்த மாவுமாக உருண்டுவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. சோளமாவை 20 மி.லீ. நீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு இதனுடன் சேருங்கள். இரவு குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் காற்றுக் குமிழ்கள் மேலேறி வெளியேறிவிடும்.

மறுநாள் கல்சியம் குளோரைட்டை 200 மி.லீ. நீரில் கரைத்து, அதன்மேல் பசையைச் சிரிஞ்சால் துளித்துளியாக விடுங்கள். ஒவ்வொரு துளியும் கல்சியம் பட்டுக் கட்டியாகி ஒரு மணியாகும். ஊசி நுனி நீர்மட்டத்தை நெருங்கினால் மணிக்கு வால் முளைக்கும். அதிக உயரத்திலிருந்து விழுந்தால் மணி தட்டையாகும். ஒரு சாண் உயரத்தில் தொடங்கிச் சரிபாருங்கள். ஊசியைக் கழற்றிவிட்டும் சில பெரிய மணிகள் செய்துகொள்ளுங்கள், அவை பிறகு தேவைப்படும். 20 நிமிடம் ஊறியபின் வடிநீரில் கழுவுங்கள்.

இனித்தான் முக்கியமான கட்டம். அயடீனைப் பிளேன்ரீ நிறத்துக்கு ஐதாக்கி மணிகளை அதில் இடுங்கள். 2, 5, 15 நிமிடங்களில் சிறிதும் பெரிதுமாக ஒவ்வொன்றை எடுத்து நடுவே வெட்டிப் பாருங்கள். அயடீன் புகுந்த இடம் சோளமாவுடன் சேர்ந்து கருநீல வளையமாகத் தெரியும், நடு வெள்ளையாகவே இருக்கும். பெரிய மணியில் அந்த வெள்ளை நெடுநேரம் நிற்கும். உயிருள்ள கலத்துக்கு அந்த வெள்ளைதான் பட்டினி. இழையத்தில் ஒட்சிசன் ஏறக்குறைய 0.2 மி.மீ. தூரமே பரவிச் சேரும். உங்கள் மணியின் நடுவோ மேற்பரப்பிலிருந்து 1 மி.மீக்கும் அப்பால். ஆய்வாளர்கள் 1 மி.மீக்கும் குறைந்த மணிகளுக்குப் பாடுபடுவது இதனால்தான். உடல் அந்த மணியைச் சுற்றி நார்த்திசுவைப் படரவிட்டால் கிடைக்கும் ஒட்சிசனும் அடைபடும்.

மீதி மணிகளைச் சோடியம் சித்திரேற்றுக் கரைசலில் இடுங்கள். சித்திரேற்று கல்சியத்தைப் பிடுங்கிக்கொள்ள, மணி தளர்ந்து கரையும். உடற்பாய்மத்தில் நிறைந்துள்ள சோடியமும் மெதுவாக இதே தளர்ச்சியைத் தரும் என்பதால், சிலர் கல்சியத்துக்குப் பதில் பேரியம் சேர்க்கிறார்கள்.

வீட்டில் சீனி வருத்தக்காரர் உள்ள மாணவர், இது எப்போது கைக்கு வரும் என்று கேட்பார். நேராகவே சொல்லுங்கள்: வெர்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம் உறைக்குள் கலங்களை வைத்துச் சோதித்த விஎக்ஸ்-264 போதிய பயன் தராததால் 2025இல் கைவிடப்பட்டது. ஆகவே வைத்தியர் எழுதித் தந்த இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது.