ட்ராக் டேக்கு டயர் வாங்கப் போறீங்களா? க்ரிப்ப பாக்கறதுக்கு முன்னாடி சூட்டப் பாருங்க

ட்ராக் டேன்னா நம்ம சொந்தக் காரையே ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பாக்கற நாள். சென்னை பக்கத்துல இருக்கற இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு முதல் தடவ சொந்தக் கார எடுத்துட்டுப் போறவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், எந்த டயர் போட்டா நல்லா க்ரிப் கிடைக்கும்னு. நம்ம ஊர் வெயிலுக்கு அதவிட முக்கியமா கேக்க வேண்டியது, முதல் லேப்ல, அதாவது ட்ராக்க முதல் சுத்து சுத்தும்போது, இருக்கற க்ரிப் அஞ்சாவது லேப்லயும் இருக்குமாங்கறது. மத்தியானம் அந்தத் தார்ல கை வைக்க முடியாது, அதுக்கு மேல நீங்க பிரேக் அடிச்சு, திருப்பி, ஆக்சிலரேட்டர மிதிச்சு ரப்பர இன்னும் சூடேத்தப் போறீங்க, அதனால டயர் செலக்ட் பண்றதே சூட்டுக்காகத்தான்னு நான் உறுதியா நம்பறேன்.

இதுக்குப் பின்னாடி இருக்கற விஷயம் ரொம்ப சிம்பிள். ரப்பர் அழுந்தி திரும்ப விரியும்போது வாங்கின சக்தி முழுசையும் திருப்பித் தராது, மிச்சம் சூடா மாறிடும், ரோட்ட கவ்விப் புடிக்கறதுக்கும் அதே குணம்தான் காரணம். அதாவது பிடிப்பும் சூடும் ஒரே இடத்துலேர்ந்து வருது. மைலேஜுக்காக செஞ்ச டயர் உருளும்போது கம்மியா சக்திய இழக்கும், அதனாலயே பிடிப்பும் கம்மி. நம்ம ஊர்ல புதுக் கார்ல கம்பெனிலேர்ந்து வர்ற டயர் பெரும்பாலும் இந்த வகைதான், அதுல ட்ராக் ஓட்டினா ரெண்டு மூணு லேப்லயே முன் டயர் கத்த ஆரம்பிக்கும், ஓரம் பிஞ்சு வரும், கார் திரும்பாம நேரா போகும்.

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி கார்ல இப்ப இருக்கறதப் படிச்சுப் பாருங்க. பக்கவாட்டுல டாட் நம்பர் கடைசில நாலு எண் இருக்கும், 2324னு இருந்தா 2024ஓட 23வது வாரத்துல செஞ்சதுன்னு அர்த்தம். அஞ்சாறு வருஷம் வெயில்ல நின்ன டயர் பாக்க நல்லா இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், அத ட்ராக்ல போட வேண்டாம். பஞ்சர் ஒட்டினது, பக்கவாட்டுல வீங்கினது, பாலத்து ஓரத்துல இடிச்சு வெட்டு விழுந்தது இதெல்லாம் பேச்சுக்கே இடமில்ல, கழட்டி வச்சுடுங்க.

அடுத்தது டிரெட்வேர் நம்பர். பல டயர்ல இது அச்சாகியிருக்கும். அமெரிக்காவுல டெக்சஸ்ல சான் ஆஞ்சலோ பக்கத்துல பொது ரோட்டுல 7,200 மைல் ஓட்டி, கூடவே ஓடற ஒரு ஸ்டாண்டர்ட் டயரோட எவ்வளவு தேஞ்சிருக்குன்னு ஒப்பிட்டுப் போடற நம்பர் இது. கம்மியா இருந்தா சீக்கிரம் தேயும், பொதுவா ரப்பரும் மெத்துன்னு இருக்கும். ஆனா கடைசில எந்த நம்பர் போடறதுன்னு முடிவு பண்றது டயர் கம்பெனியேதான், அதனால ஒரு கம்பெனியோட 200-யும் இன்னொரு கம்பெனியோட 200-யும் ஒரே மாதிரி இருக்கும்னு நினைக்காதீங்க. ஒரே கம்பெனிக்குள்ள ஒப்பிட்டுப் பாக்க நல்லா உதவும். சாதாரண ஃபேமிலி கார் டயர் 400, 500னு இருக்கும். மிஷ்லன் பைலட் ஸ்போர்ட் 4 மாதிரி நல்ல சம்மர் டயர், அதாவது பனி இல்லாத ரோட்டுல பிடிப்புக்காக செஞ்ச ஸ்போர்ட் டயர், 300-ஐ ஒட்டி இருக்கும். யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், ஹன்கூக் ஆர்எஸ்4 இதெல்லாம் 200. டோயோ ஆர்888ஆர் 100, அது கிட்டத்தட்ட ஸ்லிக் (கோடே இல்லாத ரேஸ் டயர்), ரோட்டுக்காக நாலு கோடு போட்டு வச்சிருக்காங்க அவ்வளவுதான்.

சைஸுக்குப் பக்கத்துல இருக்கற எழுத்து, அதாவது ஸ்பீட் ரேட்டிங், அதையும் தள்ளிடாதீங்க. நான் எங்க 240ல போகப்போறேன்னு நினைச்சு ஹெச் ரேட்டிங் எடுக்கறவங்க இருக்காங்க. ஹெச்னா 210, வின்னா 240, டபிள்யூன்னா 270, ஒய்ன்னா 300 கிலோமீட்டர். வேகம் ஏற ஏற டயருக்குள்ள சூடு ஏறும், அந்தச் சூட்ட எவ்வளவு வரைக்கும் தாங்கும்ங்கறதத்தான் இந்த எழுத்து சொல்லுது, ட்ராக்குக்கு வி-க்குக் கீழ போகாதீங்க. லோட் இன்டெக்ஸும் கார் மேனுவல்ல சொன்னதவிடக் கம்மியா இருக்கக் கூடாது, 87ன்னா ஒரு டயருக்கு 545 கிலோ, 91ன்னா 615 கிலோ.

சரி, எத வாங்கறது? முதல் ஒண்ணு ரெண்டு ட்ராக் டேக்கு என்னோட பதில் நல்ல சம்மர் ஸ்போர்ட் டயர், 200 டிரெட்வேர் வேண்டாம். சம்மர் டயர் எல்லைக்கு வரும்போது முன்னாடியே சத்தம் போட்டு சொல்லும், மெதுவா நழுவும், புடிச்சு நேராக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். செமி ஸ்லிக், அதாவது மேல சொன்ன 200, 100 வகை டயர், ரொம்ப நேரம் கெட்டியா புடிச்சுட்டே இருந்துட்டு, அதிக வேகத்துல, கம்மியான எச்சரிக்கையோட விட்டுடும், அந்த எடத்துல என்ன பண்ணணும்னு கை காலுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதோட இந்தியால 2020 ஜூன்ல டயர் இறக்குமதிய அரசாங்கம் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டுவந்துச்சு, ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம், அதனால மேல சொன்ன 200 டயர்ல பலதும் நம்ம சைஸ்ல கடைக்குப் போய் கேட்டா கிடைக்காது. ஒரகடத்துல, ஸ்ரீபெரும்புதூர்ல, அரக்கோணத்துலன்னு இவ்வளவு டயர் ஃபேக்டரி நம்மளச் சுத்தி இருக்கு, ரோட்டுலயும் ஓட்டி ட்ராக்லயும் ஓட்டற ஒரு நல்ல 200 டயர் நம்ம சைஸ்ல இங்கயே வந்தா நான்தான் முதல் ஆளா வாங்குவேன். மலேசியால இருக்கற நம்ம ஆளுங்களுக்கு அங்க இருக்கற செபாங் ட்ராக்குக்குப் போறதுக்கு இந்தக் கஷ்டம் இவ்வளவு இல்ல, அங்க 200 வகை டயர் தாராளமா கிடைக்கும்.

200 டயருக்குள்ளயும் ரெண்டு குணம் இருக்கு. ஏ052 மாதிரி டயர் சட்டுன்னு சூடாகி ஒண்ணு ரெண்டு லேப்ல பிரமாதமான நேரம் குடுக்கும், அப்புறம் சூடு தாங்காம தளர்ந்துடும், அதுவும் கனமான கார்ல இன்னும் சீக்கிரம். ஆர்எஸ்4 மாதிரி டயர் அந்த உச்சத்துக்குப் போகாது ஆனா செஷன் (ஒரு தடவ ட்ராக்ல இறங்கி ஓட்டற நேரம்) முழுக்க ஒரே மாதிரி இருக்கும். ஓட்டிப் பழகறதுக்காக ட்ராக்குக்குப் போறவங்களுக்கு ரெண்டாவது வகைதான் சரி, ஏன்னா டயர் லேப்புக்கு லேப் மாறிட்டே இருந்தா நீங்க முன்னேறுறீங்களா டயர் மாறுதான்னே தெரியாது.

சைஸ் விஷயத்துல அகலத்த பாத்து ஆசப்படாதீங்க. போலோ ஜிடி டிஎஸ்ஐ கார்ல 195/55 ஆர்16 (முதல் எண் மில்லிமீட்டர்ல அகலம்) இருக்குன்னு வச்சுக்கோங்க, 205/50 ஆர்16 போட்டா மொத்த விட்டம் ஒன்றரை சதவீதம் குறையும், பரவால்ல. அதுக்கு மேல அகலமா போட்டு ரிம் குறுகலா இருந்தா பக்கவாட்டு சுவர் உள்ள வளைஞ்சு ஸ்டியரிங் கொழகொழன்னு ஆயிடும். கையில காசு இருந்தா அத அகலத்துல போடறதவிட கார்லேர்ந்து கழட்டின ஸ்டாக் அலாய் ஒரு செட் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ட்ராக் டயர அதுல மாட்டி வச்சுக்கறது நல்லது, ரோட்டு டயரும் தேயாது.

நாலு டயரும் ஒரே மாடல், ஒரே வயசு. முன்வீல் டிரைவ் காருக்கு முன்னாடி மட்டும் ரெண்டு நல்ல டயர் போட்டா போதும்னு சொல்ற கடைக்காரர் பேச்சக் கேக்காதீங்க. முன்பக்கம் கெட்டியா புடிக்கும், வளைவுல பயந்து ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுப்பீங்க, எடை முன்னாடி போகும், ஏற்கனவே பிடிப்பு கம்மியான பின்பக்கம் சுத்திக்கிட்டு வெளிய வரும். ரேஸ் ஓட்டறவங்க கார் நல்லா திரும்பணும்னு வேணும்னே பின்னாடி பிடிப்பக் குறைப்பாங்க, அது அவங்க வேல.

ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமா இருக்கும், காஞ்ச ட்ராக்ல பாதி தேஞ்ச டயர் புது டயரவிட நல்லா இருக்கும். புதுசுல டயர் மேல இருக்கற ரப்பர் கட்டைங்க உசரமா இருக்கறதால ஒவ்வொண்ணும் அழிரப்பர் மாதிரி சாஞ்சு சாஞ்சு சூடாகி ஓரம் பிஞ்சுடும். அதனால புது டயர ரோட்டுல கொஞ்ச நாள் ஓட்டிட்டு, முதல் செஷன்ல மெதுவா சூடேத்தி ஆறவிட்டு, அப்புறம் முழுசா ஓட்டுங்க. வயசான ரப்பர் வேற, தேஞ்ச ரப்பர் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இப்ப காத்து. இதுல செலவே கிடையாது, பலன் அதிகம், ஆனா இதத்தான் ரொம்பப் பேர் விட்டுடறாங்க. டயருக்குள்ள இருக்கற காத்து சூடானா பிரஷர் ஏறும். காலைல 30 டிகிரில 33 பிஎஸ்ஐ வச்சுட்டு உள்ள போய் காத்து 80 டிகிரிக்கு வந்துச்சுன்னா கிட்டத்தட்ட 41 ஆயிடும், டயர் நடுவுல உப்பி ரோட்டத் தொடற எடம் குறைஞ்சுடும், கார் பனிக்கட்டில போற மாதிரி இருக்கும். அதே 28ல ஆரம்பிச்சா 35 வரும். நான் சூடா இருக்கும்போது 34லேர்ந்து 37க்குள்ள தேடுவேன், ரோட்டு சம்மர் டயருக்கு பெரும்பாலும் அங்கதான் வரும், செமி ஸ்லிக்குக்கு இன்னும் கீழ. ஒரு டிஜிட்டல் கேஜ் சொந்தமா வச்சுக்கோங்க, பங்க்ல ஒவ்வொரு மீட்டரும் ஒவ்வொண்ணு காட்டும். பிட்டுக்கு (ட்ராக்லேர்ந்து வெளிய வந்து கார் நிறுத்தற எடம்) வந்த உடனே, ஆறறதுக்கு முன்னாடி அளந்து, ஏறினத விட்டுடுங்க. நைட்ரஜன் அடிச்சா ஏறவே ஏறாதுன்னு சொல்றது தப்பு, அதுவும் வாயுதான், ஏறும், ஈரப்பதம் இல்லாததால ஏறுறது ஒரே சீரா இருக்கும்.

சாக்பீஸ் ஒண்ணும் கொண்டு போங்க. டயர் ஓரத்துலேர்ந்து பக்கவாட்டு சுவர் வரைக்கும் மூணு எடத்துல கோடு போட்டுட்டு ரெண்டு மூணு லேப் ஓட்டிட்டு வந்து பாருங்க. ஓரத்துல சின்னதா முக்கோணக் குறி இருக்கும், கோடு அதுவரைக்கும் அழிஞ்சிருந்தா சரி, அதையும் தாண்டி சுவர்ல அழிஞ்சிருந்தா டயர் சாஞ்சு உருளுது, ஒண்ணு காத்து கம்மி, இல்லன்னா கேம்பர் (முன்னாடிலேர்ந்து பாத்தா சக்கரம் சாஞ்சிருக்கற கோணம், மேல்பக்கம் உள்ள சாஞ்சா நெகட்டிவ்) பத்தல. குறிக்கு ரொம்ப முன்னாடியே நின்னுடுச்சுன்னா காத்து அதிகம். இருங்காட்டுக்கோட்டைல கடிகார திசைல ஓட்டறோம், நிறைய வலது திருப்பம், அதனால இடது முன் டயர்தான் அடி வாங்கும், முதல்ல அதப் பாருங்க. சாதாரண கார்ல முன்னாடி கேம்பர் ஒரு டிகிரி கூட இருக்காது, அதனால வெளி ஓரம் மட்டும் கரைஞ்சுபோகும். கேம்பர் போல்ட்டோ பிளேட்டோ போட்டு நெகட்டிவ் ரெண்டு டிகிரிக்குக் கொண்டுவந்தா அதே டயர் ரொம்ப நாள் வரும், லேப் டைமும் குறையும். அடுத்த செட் டயருக்கு சேத்து வச்ச காசுல முதல்ல இதப் பண்ணுங்கன்னு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

மழை வந்தா கணக்கு மாறிடும். ஐப்பசி, கார்த்திகைல ட்ராக் டே வச்சா செமி ஸ்லிக்க மட்டும் நம்பிப் போகாதீங்க, தண்ணிய வெளிய தள்ள அதுல கோடு ரொம்பக் கம்மி, தேங்கின எடத்துல டயர் தண்ணி மேல மிதக்கும், ஸ்டியரிங், பிரேக் எதுவும் வேல செய்யாது. சம்மர் டயர்ல போனவங்க அன்னைக்கு நிம்மதியா ஓட்டுவாங்க.

எப்ப செமி ஸ்லிக்குக்கு மாறலாம்? ஒரு செஷன் முழுக்க உங்க லேப் டைம் ஒரே மாதிரி வருது, ஒவ்வொரு வளைவுலயும் டயர் கத்தற எல்லைய ஒட்டியே ஓட்ட முடியுது, காத்தும் கேம்பரும் சரி பண்ணியாச்சு, அப்புறமும் நேரம் குறையலன்னா அப்ப மாறுங்க. அதோட பிரேக் பேடும் ஃப்ளூயிடும் மாத்தணும், வளைவுல ஜி ஃபோர்ஸ் (பக்கவாட்டுல தள்ற விசை) கூடினா இன்ஜினுக்கு அடில இருக்கற சம்ப்ல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்புக்குக் கிடைக்காம போகற அபாயமும் இருக்கு, ஆயில் லெவல கண்டிப்பா பாருங்க.

ஒவ்வொரு செஷன் முடியும்போதும் கடைசி லேப்ப மெதுவா ஓட்டி ஆறவிட்டு உள்ள வாங்க, பிரேக் சூடா இருக்கும், அதனால நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க. சாயங்காலம் கிளம்பும்போது நீங்க விட்ட காத்தெல்லாம் திரும்ப அடிக்கணும், சூட்டுல 35 இருந்தது ஆறினா 28க்கு வந்து நிக்கும், அதோட பெங்களூரு ஹைவேல நாலு பேர ஏத்திட்டு நூறுல போறது ஆபத்து. சிகரெட் லைட்டர்ல சொருகற கம்ப்ரெஸர் ஒண்ணு டிக்கில இருக்கட்டும், கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல சொன்ன அளவுக்கு அடிச்சுட்டு, வீல் போல்ட்ட டார்க் ரென்ச்ல மேனுவல் சொன்ன அளவுக்கு செக் பண்ணிட்டு, டயர் உள்பக்கத்தையும் டார்ச் அடிச்சு ஒரு தடவ பாத்துட்டு கிளம்புங்க, வெட்டோ வீக்கமோ நூல் தெரியறதோ பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.