ஆதாரம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் புதிதாகத் தயாராகும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். எண்ணை மாற்றிச் சொல்வது, பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவை ஒருமுறை சரிபார்த்தால் தீர்ந்துவிடும். மதிப்பெண்ணைக் குறைப்பவை வேறு.

எண்ணைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவது

நடுவர் இருக்கையில் அமர்ந்து கேட்கும்போது இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். "தமிழ்நாட்டில் பெண்கல்வி வளர்ந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதம். அடுத்து, பெண்களின் பாதுகாப்பு..." என்று மாணவர் போய்க்கொண்டே இருப்பார். 73.44 என்பது அதிகமா, குறைவா? அவையில் யாருக்கும் தெரியாது. 'வளர்ந்திருக்கிறது' என்று நிறுவ இரண்டு ஆண்டுகளின் எண்கள் வேண்டும். கையில் இருப்பதோ ஒன்று.

2001-இல் இதே எண் 64.43. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்பது புள்ளி உயர்வு தெரியும். ஆண்களின் எண்களையும் எடுங்கள்: 2001-இல் 82.42, 2011-இல் 86.77. 18 புள்ளியாக இருந்த இடைவெளி பத்தாண்டில் 13 ஆகச் சுருங்கியிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்கள் வேகமாக முன்னேறினார்கள் என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

அந்த எண் எதைச் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களையே கணக்கெடுப்பு எழுத்தறிவு பெற்றவர்களாகக் கொள்கிறது. பள்ளிக்கே போகாதவரும் அதில் இருக்கலாம். "73 சதவீதப் பெண்கள் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள்" என்று இதை வைத்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும். கல்லூரிச் சேர்க்கையைப் பேச வேண்டுமானால் ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கருத்து, ஒரே வாக்கியத்தில். அடுத்து யார் சொன்னது, எந்த ஆண்டு. பிறகு எண். அதன்பின் அந்த எண் கருத்தை எப்படித் தாங்குகிறது என்று குறைந்தது இரண்டு வாக்கியம். கட்டுரையில் இந்தக் கடைசிப் பகுதி ஆதாரத்தைவிட நீளமாக இருந்தால் நல்லது. மேடையில் தசமத்தை விட்டுவிட்டு "நூற்றுக்கு எழுபத்து மூன்று பேர்" என்று சொல்லி, ஒரு மூச்சு நிறுத்துங்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு மூன்று எண்கள் போதும்.

பின்னால் நடந்ததெல்லாம் அதனால் நடந்ததல்ல

"1956-இல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார், எழுத்தறிவு உயர்ந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். அதே ஆண்டுகளில் ஊர்தோறும் புதிய பள்ளிகளும் திறக்கப்பட்டன. உணவின் பங்கைத் தனியாகக் காட்ட வேண்டுமானால், உணவு வழங்கிய பள்ளிகளில் சேர்க்கையும் வருகையும் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று தேட வேண்டும். அது கிடைக்காவிட்டால் "ஒரு காரணம்" என்று சொல்லுங்கள்.

குறளை ஆதாரமாக்குவது

"நீரின்று அமையாது உலகெனின்" என்பது நீரின் அருமையைச் சொல்லும். உங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டதைச் சொல்லாது. அதற்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கிணற்று அளவுகள் இருக்கின்றன. குறள் தொடக்கத்துக்கு அழகு. வாதத்தைத் தாங்க அதை இழுக்காதீர்கள்.

"ஆய்வுகள் கூறுகின்றன"

எந்த ஆய்வு? பெயர் தெரியாவிட்டால் வரியை அடித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த கலாம் பொன்மொழி

எந்த நூல், எந்த உரை என்று காட்ட முடியாவிட்டால் வேண்டாம்.

பழைய எண்ணை இன்றைய நிலையாகச் சொல்வது

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் பலரும் 2011-ஐயே எடுக்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் "இன்று" என்று சொல்லாமல் ஆண்டைச் சொல்லுங்கள்.

எதிரான எண்ணை மறைப்பது

விவாதத்தில் இது உடனே பிடிபடும். இடைவெளி சுருங்கியதைச் சொன்னால், 13 புள்ளி மிச்சமிருப்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிரணி எழுந்து அதைச் சொன்னால், சரியாகச் சொன்ன மற்ற எண்களையும் அவை சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கும்.