பழைய டிரக்கின் கதவு சரியாக உட்கார: கதவைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

பழைய பிக்கப் டிரக்கைச் சீரமைக்க எடுத்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். கதவைச் சாத்தினால் பின் விளிம்பு கீழே தொங்குகிறது. லேசாகத் தூக்கிப் பிடித்தால்தான் லாக் விழுகிறது. மேலே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி, கீழே பெயிண்ட் உரசுகிறது.

முதல் வண்டியில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். லாக் வந்து மாட்டும் ஸ்ட்ரைக்கரை மேலும் கீழும் நகர்த்தி இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கதவு மூடியது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்கர்தான் கதவைத் தூக்கி உட்காரவைத்தது. கோளாறு கேபினுக்கு அடியில், நசுங்கிப்போன ஒரு ரப்பரில் இருந்தது.

கேபின் நேராக நிற்கிறதா?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நான்கு டயரிலும் சரியான காற்று இருக்கட்டும். முடிந்தால் என்ஜினும் கதவுக் கண்ணாடியும் அவற்றின் இடத்திலேயே இருக்கட்டும். வெறும் சேஸில் அழகாக அமைத்த கதவு, என்ஜின் எடை ஏறியதும் வேறு கதை சொல்லும்.

அப்புறம் கீழே படுத்து, கேபினைச் சேஸோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் ரப்பர்களையும் பாருங்கள். முன் மூலை ரப்பர் நசுங்கினால் கேபினின் அந்தப் பக்கம் இறங்கும், கீல் மாட்டிய முன் தூணும் சேர்ந்து இறங்கும். தூண் இறங்கினால் கதவும் இறங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கீல் தேய்ந்ததுபோல்தான் தெரியும். ரப்பரை மாற்றி, தேவைப்பட்டால் அடியில் ஒரு ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடுவதுண்டு.

அடுத்து, கதவு வாசலின் குறுக்களவு. மேல் பின் மூலையிலிருந்து கீழ் முன் மூலைக்கும், மற்ற இரு மூலைகளுக்கும் டேப் பிடித்து அளந்து, எதிர்ப்பக்க வாசலோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேபின் கோணலாகியிருக்கிறது. பெரும்பாலும் வாசலுக்கு அடியில் ஓடும் தகடோ தூணின் அடிப்பகுதியோ துருவில் போயிருக்கும். அதை வெட்டி மாற்றுவதாக இருந்தால், வெட்டுவதற்கு முன்பே வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தை வெல்ட் செய்துவிடுங்கள். சட்டம் இல்லாமல் வெட்டினால் வாசல் தன் இஷ்டத்துக்கு வாயைத் திறந்துகொள்ளும், பிறகு எந்தக் கீலாலும் மூட முடியாது. 1930களின் முற்பகுதி டிரக்குகள் சிலவற்றில் தகட்டுக்குள் மரச்சட்டம் இருக்கும். மரம் உளுத்திருந்தால் முதலில் மரத்தைக் கவனியுங்கள்.

கீலில் ஆட்டம் இருக்கிறதா?

கதவைப் பாதி திறந்து, பின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் கீலில் கண் வைப்பது நல்லது. கீலின் இரண்டு பாகங்களும் நடுவில் உள்ள பின்னை (அச்சுக் கம்பியை) சுற்றித் தனித்தனியாக ஆடினால் பின்னும், அது நுழையும் வளையமான புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. கீல் அசையாமல் தூணின் தகடே உள்ளே வெளியே போனால் அது துரு அல்லது விரிசல்.

தேய்ந்த பின்னோடு இடைவெளி அமைப்பது வீண் வேலை. கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்து, இடையில் துணி சுற்றிய மரக்கட்டை கொடுத்து எடையைத் தாங்கவிட்டு, பழைய பின்னைத் தட்டி எடுங்கள். புது புஷ்ஷை நேராக அழுத்தி இறக்கி, புது பின்னைக் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள். புஷ் தளர்வாக உட்கார்ந்தால் கீலின் துளையே பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கீலை மாற்ற வேண்டும், அல்லது துளையைக் கடைந்து பெரிய புஷ் போட வேண்டும்.

இனி அமைக்கலாம்

ஸ்ட்ரைக்கரையும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் கழற்றி ஓரமாக வையுங்கள். இரண்டும் கதவைத் தள்ளும், தூக்கும், உங்களை ஏமாற்றும். கீல் இப்போது இருக்கும் இடத்தைச் சுற்றிக் கூர்மையான ஊசியால் கோடு கீறிக்கொள்ளுங்கள். எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துபோனால் அந்தக் கோடுதான் துணை. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். தூணுக்குள் போல்ட்டைப் பிடிக்கும் நட்டுத் தகடு அதன் கூண்டோடு பிய்ந்து சுற்ற ஆரம்பித்தால், தூணைத் திறக்கும் வேலை வந்து சேரும்.

எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது? கதவின் பின் விளிம்பிலிருந்து. கேபினின் பின் தூணை நகர்த்த முடியாது, அதனால் அதோடு கதவைப் பொருத்துங்கள். பிறகு கீழ் விளிம்பு, கூரை ஓரம். முன்னால் இருக்கும் மட்கார்டு போல்ட்டிலும் ஷிம்மிலும் நிற்பது, கடைசியில் அதைக் கதவுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். பானெட் அதற்கும் பிறகு. பலர் மட்கார்டைப் பார்த்துக் கதவை அமைத்துவிட்டு, பின்னால் இடிக்கிறதே என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அளக்கத் தனிக் கருவி வேண்டாம். 4, 5, 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டுகளின் வழுவழுப்பான அடிப்பகுதியை இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டி, சாண் அளவுக்கு ஒரு இடத்தில் அளவை எழுதிக்கொண்டே வாருங்கள். ஐந்து மில்லிமீட்டர் சுற்றி வந்தால் பழைய டிரக்குக்கு அது நல்ல வேலை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே இவை இன்றைய கார்கள்போல் இருந்ததில்லை. என்னைக் கேட்டால், ஒரே சீராக ஓடும் ஆறு மில்லிமீட்டர், மூன்றில் தொடங்கி ஏழில் முடிவதைவிட எவ்வளவோ மேல். கண்ணில் முதலில் படுவது கோணல்தான்.

பல டிரக்குகளில் தூண் பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் கதவு மேல் கீழாகவும் முன் பின்னாகவும் நகரும். கதவுப் பக்கப் போல்ட்டுகள் உள் வெளி நகர்வுக்கு. சில வண்டிகளில் இது தலைகீழ். ஒரு போல்ட்டைத் தளர்த்தி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பின் விளிம்பு தொங்கினால் கதவு முழுவதையும் தூக்க வேண்டாம். மேல் கீலை மட்டும் சற்று முன்னால் நகர்த்துங்கள், பின் விளிம்பு தானே எழும். கீல்களுக்கு இடையே 40 சென்டிமீட்டர், கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மேல் கீலில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் பின் விளிம்பு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஏறும். அதனால் போல்ட்டுகளை முழுக்கத் தளர்த்தாதீர்கள். பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் அளவுக்கு விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டி, இறுக்கி, கதவை மூடிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கீல்தான். இரண்டையும் ஒன்றாகத் தளர்த்தினால் கதவு கையில் வரும்.

உள் வெளி நகர்வில் ஒரு விநோதம் உண்டு. கீழ்க் கீலை வெளியே கொண்டுவந்தால், மூடிய கதவின் மேல் பின் மூலை உள்ளே போகும். குறுக்காக வேலை செய்யும். மேல் பின் மூலை துருத்திக்கொண்டு நிற்கும் கதவுக்கு முதலில் இதைச் செய்து பாருங்கள். அப்படியும் கேட்காவிட்டால் கதவே முறுக்கியிருக்கிறது. கீழ் மூலை துருத்தினால், லாக் பக்கம் ஒரு மரக்கட்டையை வாசலுக்கும் கதவுக்கும் இடையே மேலே கொடுத்து, கீழ் மூலையை உள்ளே அழுத்துங்கள். மேல் மூலை துருத்தினால் கட்டையைக் கீழே வைத்து மேலே அழுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக. பயமாக இருக்கும், ஆனால் தகடு வளையத்தான் செய்யும்.

கீல் வேலையெல்லாம் முடிந்தும் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அகலமாக இருந்தால் பட்டி பூசி நிரப்பாதீர்கள். விளிம்பில் வைத்த பட்டி, கதவை நாலு முறை ஓங்கிச் சாத்தினால் உதிரும். விளிம்பின் மேல் மெல்லிய கம்பியை வைத்து, விட்டு விட்டுப் புள்ளி வெல்டிங் செய்து, ஆறவிட்டு, கிரைண்டரில் தேய்த்து எடுக்க வேண்டும். தொடர்ந்து வெல்ட் செய்தால் சூட்டில் தகடு அலை அலையாகிவிடும். பிரைமரும் பெயிண்டும் இரு விளிம்பிலும் சேர்ந்து கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் வையுங்கள்.

திருப்தியானதும், ஒவ்வொரு கீலிலும் அதன் தகட்டையும் தூணையும் சேர்த்து 3 மில்லிமீட்டரில் இரண்டு துளை போடுங்கள். கதவுப் பக்கமும் அப்படியே. பெயிண்டுக்காகக் கழற்றி மாட்டும்போது துளைகளில் பிட்டைச் செருகிப் போல்ட்டை இறுக்கினால் கதவு பழைய இடத்திலேயே வந்து நிற்கும்.

ஸ்ட்ரைக்கரும் பீடிங்கும்

இப்போதுதான் ஸ்ட்ரைக்கர். அதில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கதவை மெதுவாக மூடித் திறந்தால் லாக் எங்கே தொடுகிறது என்ற தடம் தெரியும். லாக் நேராக உள்ளே போக வேண்டும், கதவு ஏறவோ இறங்கவோ கூடாது. இரண்டு கட்டமாகப் பூட்டும் லாக்கில் இரண்டாவது சத்தமும் கேட்க வேண்டும்.

புது ரப்பர் பீடிங் போட்டதும் கதவு திடீரென்று அடம்பிடிக்கும். உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுச் சாத்திப் பாருங்கள். எளிதாக மூடினால், சின்னக் கேபினுக்குள் அடைபட்ட காற்றுதான் தடுக்கிறது. அப்போதும் கனமாக இருந்தால் ரப்பர் இன்னும் அமுங்கவில்லை. கதவைப் பூட்டியே சில வாரம் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் உதைத்தால், பீடிங் அந்த வண்டிக்கு வேண்டியதைவிடத் தடிமனானது. கீலில் கை வைக்காமல் பீடிங்கை மாற்றுங்கள்.