ஒரு தாத்தாவைத் தேடி: பழைய அனத்தோலிய மொழிகளில் சொல்வேர் பார்ப்பது எப்படி?

ஒரு சொல்லை ஹிட்டைட்டில் பிடித்து, லூவியன், லிசியன், கரியன், லிடியன் என்று ஒவ்வொரு வீடாகப் போய் விசாரிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. இவை எல்லாம் இன்றைய துருக்கியில் பேசப்பட்டவை, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் அனத்தோலியக் கிளையைச் சேர்ந்தவை. இவ்வளவு தெரிந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

படி 1: சொல்லைத் தேர்ந்தெடுப்பது

உறவுமுறை, உடல் உறுப்பு, வீட்டு விலங்கு, இந்த மூன்றில் ஒன்றிலிருந்து எடுங்கள். கோயில், சடங்கு, அரசவைச் சொற்களை முதல் முயற்சிக்குத் தொடாதீர்கள். ஹிட்டைட்காரர்கள் அவற்றில் பலவற்றை ஹத்திக், ஹுரியன் என்ற வேறு குடும்ப மொழிகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அரியணையைக் குறிக்கும் ஹல்மசுயிட் என்ற சொல் ஹத்திக் சரக்கு. அதற்கு இந்தோ-ஐரோப்பிய வேர் தேடினால் காலம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கலாம்.

உறவுச் சொற்களை அவ்வளவு சுலபமாக யாரும் கடன் வாங்குவதில்லை. நாம் அங்கிள், ஆன்ட்டி வாங்கிக்கொண்டோமே என்று கேட்டால், அந்த அங்கிளுக்குப் படி 8இல் வேலை இருக்கிறது, பொறுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது தாத்தா. ஹிட்டைட்டில் ஹுஹ்ஹஸ்.

படி 2: எழுத்துப்பெயர்ப்பைப் படிக்கக் கற்பது

ஹிட்டைட் களிமண் பலகைகள் பெரும்பாலும் ஹிட்டைட் தலைநகரான ஹத்துசாவில், அதாவது இன்றைய போவாஸ்கலேயில் கிடைத்தவை. 1906இல் ஹூகோ விங்க்லரும் தியோடர் மக்ரிதியும் அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். 1915இல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி மொழியைப் புரிந்துகொண்டார். ஆப்பெழுத்தை (களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளாகக் குத்திய எழுத்து) படிக்க நீங்கள் கற்கவேண்டாம், ரோமன் எழுத்துப்பெயர்ப்பைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் அதில் மூன்று விஷயம் கண்ணில் படவேண்டும்.

ஒன்று, இடையில் கோடு போட்ட அசைகள். நம் சொல் ஹு-உஹ்-ஹ-அஸ் என்று நான்கு குறிகளாக வரும். சேர்த்துப் படித்தால் ஹுஹ்ஹஸ். கடைசி ஸ் எழுவாய் விகுதி, அதைக் கழற்றினால் அடிச்சொல் ஹுஹ்ஹ.

இரண்டு, கீழே பிறை போட்ட எச் எழுத்து. தொண்டையில் உரசி வரும் ஹ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்பில் இந்த எழுத்தைத் தட்டித் தேடினால் பல சமயம் சிக்காது. பேசாமல் அகரவரிசையில் பக்கத்தைப் புரட்டுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: ஹிட்டைட் அகராதிகளில் பி, டி, ஜி எழுத்துகளுக்குத் தனிப் பகுதி இருக்காது. பா ஒலிகள் எல்லாம் ஒரே இடத்தில், தா ஒலிகள் ஒரே இடத்தில், கா ஒலிகள் ஒரே இடத்தில். தமிழ் அகராதி பார்த்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே தோன்றும்.

மூன்று, பெரிய எழுத்தில் வரும் சொற்கள். இவை ஹிட்டைட் அல்ல. எழுத்தர்கள் நேரம் மிச்சம் பிடிக்கச் சுமேரியச் சொல்லையோ அக்காடியச் சொல்லையோ எழுதிவிட்டு, வாசிக்கும்போது தங்கள் மொழியில் வாசித்தார்கள். 'என் தாத்தா' என்பதற்கே அபி அபியா, அதாவது 'என் தந்தையின் தந்தை' என்று அக்காடியத்தில் எழுதியிருப்பதைப் பல பலகைகளில் பார்க்கலாம். அதை ஹிட்டைட் சொல் என்று குறித்துக்கொண்டால் கதை கந்தல். நம் அதிர்ஷ்டம், தாத்தாவை அசை பிரித்தும் எழுதியிருக்கிறார்கள். செம்மறி ஆட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது எப்போதும் உது என்ற சுமேரியக் குறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, வெளியே தெரிவது விகுதி மட்டும்.

படி 3: அகராதி

சிகாகோ ஹிட்டைட் அகராதி தரமானது, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் அது எல் எழுத்தில்தான் தொடங்குகிறது! முன்பகுதியை ஜெர்மன் அகராதி ஒன்று ஏற்கெனவே கையில் எடுத்திருந்ததால் அப்படி முடிவு செய்தார்கள். ஆகவே எச் எழுத்துச் சொல்லுக்கு அங்கே போய்ப் பயனில்லை.

யான் புஹ்வெல் அகராதியில் சொல் வரும் இடங்கள் தாராளமாகக் கிடைக்கும். அல்வின் க்ளூகோர்ஸ்ட் 2008இல் வெளியிட்ட சொல்வேர் அகராதியில் ஒலி வரலாறு கறாராக இருக்கும். நான் முதலில் புஹ்வெல், அப்புறம் க்ளூகோர்ஸ்ட். மேற்கோள்களைக் கண்ணால் பார்க்காமல் மூலவடிவத்துக்கு (தாய்மொழியில் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கட்டும் வடிவம்) தாவுவது எனக்குப் பிடிக்காது. லூவியன், லிசியன், கரியன், லிடியன் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடியானா என்ற இணைய அகராதி இருக்கிறது. மியூனிக், மார்பர்க் பல்கலைக்கழகங்கள் நடத்துவது, இலவசம். விக்சனரி? வழிகேட்க வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

படி 4: ஒற்றையா, இரட்டையா?

எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான். மெதுவாகப் போவோம்.

ஹுஹ்ஹ என்பதில் நடுவில் ஹ் இரட்டித்திருக்கிறது. இது எழுத்தரின் விருப்பம் என்று ஒதுக்கிவிட்டு, ஒற்றை ஹ் போட்டுக் குறித்துக்கொள்ளத்தான் கை போகும். அப்படிச் செய்தால் ஆய்வின் உயிரே போய்விடும். ஆப்பெழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு, ஆனால் ஹிட்டைட் எழுத்தர்கள் அந்த வேறுபாட்டைக் கடைப்பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, இரண்டு உயிர்களுக்கு நடுவே வல்லொலி வந்தால் இரட்டித்து எழுதினார்கள், மெல்லொலி வந்தால் ஒற்றையாக விட்டார்கள். எட்கர் ஸ்டர்டெவன்ட் கண்டுசொன்னதால் இதற்கு ஸ்டர்டெவன்ட் விதி என்று பெயர்.

ஆங்கிலம் வழியாக இதைப் படிப்பவர்கள் தலையைச் சொறிவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பாட்டு, பாடு இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ட ஒரே எழுத்துதான். இரட்டித்தால் வன்மையாகவும், ஒற்றையாக இருந்தால் மென்மையாகவும் ஒலிக்கிறது. ஏறக்குறைய அதே ஏற்பாடுதான் ஹத்துசாவிலும். (இதனால் ஹிட்டைட்டும் தமிழும் உறவு என்று யாரும் கிளம்பவேண்டாம்.)

விதியைப் பயன்படுத்தும்போது இரண்டு எச்சரிக்கை. சொல்லின் முதலெழுத்தில் இது வேலை செய்யாது, அங்கே இரட்டிக்க வழியே இல்லை. அடுத்து, எழுத்தர்கள் சில நேரம் சுருக்கி ஒற்றையாகவும் எழுதிவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு பலகையை நம்பாமல், பெரும்பான்மை எப்படி, பழைய பலகைகளில் எப்படி என்று பாருங்கள். அகராதிகள் ஒவ்வொரு மேற்கோளுக்கும் பழைய எழுத்து, இடைக்கால எழுத்து, புதிய எழுத்து என்று குறி போட்டிருக்கும்.

இப்போது லூவியனுக்குப் போனால் வேடிக்கை ஆரம்பிக்கிறது. ஆப்பெழுத்து லூவியனில் தாத்தா ஹூஹ. ஒற்றை ஹ்! ஹிட்டைட்டில் வன்மை, லூவியனில் மென்மை. எது பழையது?

படி 5: லூவியன், இரண்டு எழுத்து

லூவியன் ஆப்பெழுத்திலும் வரும், பாறைகளிலும் கற்களிலும் வெட்டிய சித்திர எழுத்திலும் வரும். சித்திர எழுத்து லூவியன் கிமு 700 வரை ஓடுகிறது. இதில் இரட்டிப்பையே காட்டமாட்டார்கள், ஆகவே நம் ஒற்றை-இரட்டை வழக்கில் இது சாட்சி சொல்லாது. ஆனால் சொல் உயிரோடு இருந்ததற்கு நல்ல சாட்சி. கிமு 900ஐ ஒட்டிய கார்கெமிஷ் மன்னன் கத்துவஸின் கல்வெட்டில், தந்தையரும் பாட்டன்மாரும் போகாத இடத்துக்குத் தான் போனதாகப் பெருமை வருகிறது.

இங்கே ஒரு குழி. சித்திரக் குறிகளுக்கு ஆய்வாளர்கள் லத்தீன் பெயர் வைத்திருக்கிறார்கள். தாத்தா குறியின் பெயர் அவுஸ். அது வெறும் பெயர்ச்சீட்டு, லூவியன் ஒலி அல்ல. வேடிக்கை என்னவென்றால், லத்தீன் அவுஸ் இதே வேரிலிருந்து வந்த சொல்தான். சீட்டும் சரக்கும் பங்காளிகள்!

இன்னொன்று, 1970களின் தொடக்கத்துக்கு முந்தைய புத்தகங்களின் சித்திர எழுத்து வாசிப்புகளை அப்படியே எடுக்காதீர்கள். இ வகை உயிர் என்று படித்துவந்த சில குறிகள் உண்மையில் த்ஸி, த்ஸ என்று ஹாகின்ஸ், மார்பர்கோ டேவிஸ், நொய்மன் மூவரும் காட்டினார்கள். பன்மை விகுதிகளே மாறிப்போயின.

படி 6: அகரவரிசை மொழிகள்

லிசியன்: கிமு 5, 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல்வெட்டுகள், கிரேக்கத்தை ஒத்த எழுத்து. 1973இல் லெத்தோன் கோயிலில் லிசியன், கிரேக்கம், அரமேயம் மூன்றும் வெட்டிய கல் கிடைத்தபின் இந்த மொழி நன்றாகத் தெளிந்தது. தாத்தா இங்கே ரோமன் எழுத்தில் எக்ஸ்-யு-ஜி-ஏ. லிசியனில் எக்ஸ் எழுத்து வன்மை, ஜி எழுத்து மென்மை. முதலில் வன்மை, நடுவில் மென்மை! லூவியனின் ஒற்றை ஹ் எழுத்துப்பிழை அல்ல என்பதற்கு ஆயிரம் ஆண்டு கழித்து வேறு எழுத்தில் கிடைத்த சாட்சி இது. எனக்கு இந்தப் பயிற்சியிலேயே மிகவும் பிடித்த கட்டம்.

அழுத்தம் பெற்ற நெட்டுயிருக்குப் பின் வல்லொலி மெலியும் என்பது பொது அனத்தோலிய விதி. லூவியனும் லிசியனும் அந்த மெலிந்த வடிவத்தை வைத்துக்கொண்டன. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்த வேற்றுமை வடிவங்களிலிருந்து ஹிட்டைட் வன்மையை எடுத்துக்கொண்டது என்பது ஒரு விளக்கம்.

கரியன்: இதில் கியூ-யு-கியூ என்ற ஆள்பெயர் இருக்கிறது. கரியன் கியூ லூவியன் ஹ் ஒலிக்கு நேர். 1980களில் ஜான் ரே எகிப்தில் கிடைத்த கல்வெட்டுகளை வைத்து இந்த எழுத்தை உடைத்தார், 1996இல் கௌனோஸில் கிடைத்த கரியன்-கிரேக்கக் கல் அதை உறுதி செய்தது. அதற்கு முந்தைய கரியன் வாசிப்புகளைத் தூக்கி ஓரம் வையுங்கள்.

லிடியன்: லிடியத் தலைநகர் சார்டிஸை ஆண்ட கீகெஸ் மன்னன் பெயரை (அசீரியர்கள் குகு என்று எழுதினார்கள்) நம் தாத்தாவோடு சிலர் இணைக்கிறார்கள். ஆனால் லிடியனில் முதலெழுத்து ஹ் உதிர்ந்துவிடும் என்பதே பொதுவான கருத்து. ஹிட்டைட்டில் பேரப்பிள்ளைக்கு ஹாஸ்ஸ, லிடியனில் சந்ததிக்கு எச. ஹ் காணோம். ஆக கீகெஸ் தாத்தாதான் என்றால், அது லிடியன் சொந்தச் சொல்லாக இருக்கமுடியாது, கரியன் போன்ற அண்டை மொழியிலிருந்து வந்த பெயராக இருக்கவேண்டும். ஆட்சியைப் பிடிக்க அவனுக்குக் கரியன் ஆள் ஒருவன் படையோடு உதவியதாகப் புளூட்டார்க் சொல்கிறார், பொருந்தித்தான் வருகிறது. ஆனாலும் என் குறிப்பேட்டில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டே வைத்திருக்கிறேன்.

படி 7: இன்னொரு சொல்லால் சோதிப்பது

ஒரு சொல் பொருந்தினால் அது தற்செயலாகவும் இருக்கலாம். ஹ் ஒலிக்கு லிசியனில் எக்ஸ் என்பதை வேறு சொற்களில் பாருங்கள். பாட்டி ஹிட்டைட்டில் ஹன்ன, லிசியனிலும் எக்ஸில் தொடங்குகிறாள். ஆடு லூவியனில் ஹாவி, லிசியனில் எக்ஸ்-ஏ-டபிள்யூ-ஏ, லத்தீனில் ஓவிஸ். படி 2இல் சுமேரியக் குறிக்குப் பின்னால் ஒளிந்த ஹிட்டைட் ஆடு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பதும் இதை வைத்துத்தான்.

படி 8: வெளியே போவது

லத்தீன் அவுஸ், ஆர்மீனியன் ஹவ், பழைய நார்ஸ் அஃபி, எல்லாம் தாத்தா. பழைய ஐரிஷில் பொருள் பேரனாக மாறியது, ஓ பிரையன் போன்ற பெயர்களின் ஓ அந்தப் பேரன்தான். லத்தீனில் தாய்மாமன் அவுங்குலுஸ், அதாவது 'சின்னத் தாத்தா'. அது பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் அங்கிளாகி, நம் பக்கத்து வீடு வரை வந்துவிட்டது.

லத்தீனில் ஹ் இல்லை, ஹிட்டைட்டில் இருக்கிறது. 21 வயது மொழியியலாளர் சொசூர் 1878இல், அப்போது தெரிந்த எந்த மொழியிலும் மிஞ்சாத சில ஒலிகள் மூலமொழியில் இருந்தே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். 1927இல் குரிலோவிச் ஹிட்டைட் ஹ் அவற்றில் ஒன்று என்று காட்டினார். மூலவடிவத்தை எழுதும்போது முன்னால் உடுக்குறி (*) போட மறக்காதீர்கள். எங்கும் எழுதிக் கிடைக்காத, நாம் கட்டிய வடிவம் என்று அர்த்தம்.

பின்சேர்க்கை 1: ஹிட்டைட்டில் தந்தை அத்தஸ், தாய் அன்னஸ், நம் அத்தன், அன்னை மாதிரியே இருக்கிறதே என்று பலர் கேட்டுவிட்டார்கள். குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் இவை. உறவில்லாத மொழிகளிலும் இப்படியே அமையும், துருக்கியிலும் தாய் அன்னெதான். படி 7 சோதனையை வைத்துப் பாருங்கள்: ஹிட்டைட் த்த வரும் இடமெல்லாம் தமிழில் ஒழுங்காக ஏதாவது வருகிறதா? வராது. அதனால்தான் படி 1இல் அம்மா, அப்பாவை விட்டுத் தாத்தாவிடம் போனேன்.

பின்சேர்க்கை 2: லிடியனுக்கான குஸ்மானியின் அகராதி ஜெர்மனில் இருக்கிறது, ஜெர்மன் தெரியாதே என்று ஒரு கேள்வி. பதிவுகள் குட்டிக் குட்டியானவை, மொழிபெயர்ப்புச் செயலியே போதும். சுருக்கக் குறிகளில் மட்டும் கண் வையுங்கள். எல்-ஒய்-கே லிசியன், எல்-ஒய்-டி லிடியன். ஓர் எழுத்து மாறினால் ஹ் எங்கே போனது என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.