நூறு பத்தி கேம்புக்: வரைபடத்திலிருந்து வெளியீடு வரை

ஒரு பத்தியைப் படிக்கிறோம், அடியில் இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன, எடுத்த வழிக்குரிய எண்ணைத் தேடிப் புரட்டுகிறோம். கேம்புக்கின் அடிப்படை இவ்வளவுதான். இங்கிலாந்தில் 1982-இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’ 400 பத்திகள் கொண்டது. பல புத்தகங்கள் அந்த 400-ஐயே அளவாக எடுத்துக்கொண்டன. முதல் முயற்சிக்கு அந்த அளவு வேண்டவே வேண்டாம். 2008 முதல் 2015 வரை நடந்த விண்ட்ஹாமர் போட்டி, பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கு 100 பத்தி, 25,000 சொல் என்று வரம்பு வைத்தது. அனுபவம் இல்லாதவர் எழுதி முடிக்கக்கூடிய அளவு அதுதான். தமிழில் ஒரே சொல்லில் நிறைய அடங்கிவிடுவதால் 15,000 சொல்லே தாராளம். பத்திக்குச் சராசரி 150 சொல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரைபடம்

கதையை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முப்பதாவது பத்தியில் நின்றுவிடுகிறார்கள். காரணம் வெறும் கணக்கு. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி, எந்த வழியும் மற்றதோடு சேராது என்றால் 1, 2, 4, 8, 16, 32 என்று பெருகும். ஐந்து முடிவுகள் எடுப்பதற்குள் 63 பத்தி போய்விடும். ஆறு முடிவுகளுக்கு 127 வேண்டும். ஒரு சாகசத்தில் வாசகர் ஐந்தே முறை யோசித்தால் போதுமா?

ஆகவே கிளைகள் பிரிய வேண்டும், பிரிந்தவை மறுபடி கூட வேண்டும். நூறு பத்திக்கு நன்றாக ஒத்துவரும் பங்கீடு இது: தொடக்கத்துக்கு 6, தலா 24 பத்தி கொண்ட மூன்று கட்டங்களுக்கு 72, எல்லாக் கிளைகளும் கூடும் இடங்களுக்கு 3, அகால மரணங்களுக்கு 10, இறுதி முடிவுகளுக்கு 4. மொத்தம் 95. மீதி ஐந்தைக் காலியாக விடுங்கள். சோதித்துப் பார்க்கும்போது ஓட்டை அடைக்க அவை கட்டாயம் தேவைப்படும்.

கூடும் இடத்துப் பத்தியை எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். அங்கே வருபவர் எந்த வழியாக வந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. “மூச்சிரைக்க ஓடிவந்து நிற்கிறாய்” என்று எழுதினால், படகில் உட்கார்ந்தபடி வந்தவருக்கு அது பொய். வந்த விதத்தை முந்தைய பத்தியின் கடைசி வரியிலேயே முடித்துவிட்டு, கூடும் பத்தியை இடத்தின் வர்ணனையிலிருந்து தொடங்குங்கள்.

கணக்கேடு

எழுத்து நன்றாக இருந்தும் புத்தகம் உடைந்துபோவது பெரும்பாலும் கணக்கேடு இல்லாததால்தான். கூகுள் ஷீட் போதும், கோடு போட்ட நோட்டும் போதும். பத்திக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் தற்காலிகப் பெயர், எங்கிருந்து வரலாம், எங்கே போகலாம், என்ன கிடைக்கிறது, என்ன கேட்கப்படுகிறது என்று ஐந்து கட்டம். எண் இப்போதைக்கு வேண்டாம், பெயர் போதும்.

மலைக்கோட்டைக் கதை ஒன்றில் ‘சுனைக்கரை’ என்று ஒரு பத்தி இருக்கட்டும். மண்டபத்திலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் அங்கே வரலாம். வெண்கலச் சாவி கிடைக்கும். மண்டபத்துக்குத் திரும்பலாம், சுரங்கத்துக்கும் போகலாம். இந்த வரியைப் பார்த்தவுடனே சிக்கல் தெரிய வேண்டும்: மண்டபத்துக்குத் திரும்பியவர் மறுபடி சுனைக்கு வந்தால் இரண்டாவது சாவியும் கிடைக்கும். சாவிக்குப் பதில் பத்துப் பொற்காசு என்றால் புத்தகத்தின் பொருளாதாரமே போச்சு.

இதற்கு மருந்து குறிச்சொல். சாவி எடுத்ததும் “ஆம்பல் என்று குறித்துக்கொள்” என்று எழுதுங்கள். மண்டபத்தில், “ஆம்பல் குறித்திருந்தால் சுனைக்குப் போக முடியாது” என்று ஒரு வரி. “சாவி எடுத்தாயா?” என்று நேராகக் கேட்டால், எங்கோ ஒரு சாவி இருக்கிறது என்பது எடுக்காதவருக்கும் தெரிந்துவிடும். பொருளோடு தொடர்பில்லாத சொல் அந்த ரகசியத்தைக் காக்கும். நூறு பத்திக்கு ஆறேழு குறிச்சொல் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் வாசகர் எழுதிவைப்பதை நிறுத்திவிடுவார்.

இன்னொரு உத்தி மறை எண். சாவியில் 23 என்று பொறித்திருக்கிறது, பூட்டிய கதவு 41-ஆம் பத்தியில் வருகிறது. “சாவி இருந்தால் அதன் எண்ணை இந்தப் பத்தி எண்ணோடு கூட்டி அங்கே போ” என்றால் 64. சாவி இல்லாதவரால் ஏமாற்ற முடியாது. 64-இன் முதல் வரியிலேயே “சாவி பூட்டுக்குள் திரும்புகிறது” என்று வர வேண்டும், அப்போதுதான் தப்பாகக் கூட்டியவருக்குத் தன் தவறு தெரியும்.

தேர்வு என்றால் தேர்வாக இருக்கட்டும்

“இடப்பக்கமா, வலப்பக்கமா?” என்று மட்டும் கேட்பது காசு சுண்டிப் போடுவதற்குச் சமம். யோசிக்க ஏதாவது கொடுங்கள். “இடப்பக்கச் சுரங்கத்திலிருந்து காற்று வருகிறது, விளக்கின் சுடர் சாய்கிறது. வலப்பக்கத் தரையில் ஈரமான காலடித் தடங்கள், உள்ளே போனவை மட்டும்.” இப்போது வாசகர் எதை எடுத்தாலும் ஒரு காரணத்தோடு எடுப்பார். செத்தாலும் “அந்தத் தடத்தைப் பார்த்தேனே” என்று தன்னையே நொந்துகொண்டு மறுபடி முதல் பத்திக்குப் போவார். முன்குறிப்பே இல்லாமல் கொன்றால் புத்தகத்தை மூடிவிடுவார். உடனடி மரணம் ஒவ்வொன்றுக்கும் முன்பு, அதே பத்தியிலோ அதற்கு முந்தியதிலோ ஓர் அறிகுறி இருக்கிறதா என்று தனியாகச் சரிபாருங்கள்.

வெற்றிக்குக் கட்டாயம் வேண்டிய பொருளை ஒரே கிளையில் மட்டும் ஒளித்துவைப்பது இந்தத் துறையின் பழைய நோய். இரண்டு இடத்தில் கிடைக்கச் செய்யுங்கள், அல்லது அது இல்லாமல் அதிக வலு (உயிர்ச்சக்திப் புள்ளி, தீர்ந்தால் மரணம்) இழந்து தப்பிக்க ஒரு வழி வையுங்கள்.

பகடைக் கணக்கு

ஜாக்சன், லிவிங்ஸ்டன் முறையில் திறமை என்பது ஒரு பகடை கூட்டல் 6, வலு என்பது இரண்டு பகடை கூட்டல் 12. சண்டையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரு தரப்பும் இரண்டு பகடை உருட்டித் திறமையைக் கூட்ட வேண்டும். குறைந்தவருக்கு 2 வலு போகும். கற்பதற்கு எளிது, ஆனால் திறமையில் சின்ன வித்தியாசம் பயங்கரமாக வேலை செய்யும்.

எதிரிக்குத் திறமை 9, வலு 8 என்று வைப்போம். நான்கு அடியில் விழுவான். வாசகரின் திறமை 11 என்றால் ஒரு சுற்றில் அவர் அடிக்க 66%, அடிபட 24% வாய்ப்பு. எதிரி விழுவதற்குள் சராசரியாக 3 வலுதான் போகும். திறமை 9 என்றால் 8 போகும். திறமை 7 என்றால்? சுமார் 22. தொடக்க வலுவின் சராசரியே 19. அதாவது முதல் உருட்டலில் ஒன்று விழுந்தவருக்குக் கதை தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

எனவே திறமையைப் பகடைக்கு விடாதீர்கள். எல்லோருக்கும் 9, வலு 20 என்று நிலையாக வையுங்கள். அப்போது வரவு செலவு போடலாம்: வலு 8 கொண்ட எதிரிகளில் திறமை 7 உள்ளவன் 3 வலு வாங்குவான், 9 உள்ளவன் 8 வாங்குவான், 11 உள்ளவன் ஆளையே முடித்துவிடுவான். முதல் வகையில் மூன்று பேர், இரண்டாம் வகையில் ஒருவன் என்றால் சராசரிச் செலவு 17. இடையில் 4 வலு தரும் உணவு ஒன்றை வைத்தால் கடுமையாகவும் இருக்கும், நியாயமாகவும் இருக்கும்.

அதிர்ஷ்டச் சோதனையிலும் இதே எச்சரிக்கை. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 7-க்குள் (7-உம் சேர்த்து) விழ 58%, 8-க்குள் 72%, 9-க்குள் 83%. 7-க்குள் என்ற சோதனையை மூன்று முறை தொடர்ந்து கட்டாயமாக்கினால் தப்பிப்பவர் ஐந்தில் ஒருவர்தான். தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் எளிதாகத்தான் தெரியும்.

தமிழில் எழுதும்போது

முன்னிலையில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. “நீ கதவைத் திறக்கிறாய்” என்பதில் ஆணா பெண்ணா என்ற கேள்வியே இல்லை. ஆனால் பிற பாத்திரம் வாயைத் திறந்ததும் மாட்டிக்கொள்வோம். காவல்காரன் “வா தம்பி” என்றால் வாசகர்களில் பாதிப் பேர் அங்கேயே வெளியே நிற்பார்கள். பாத்திரத்துக்கு ஒரு தொழிலைக் கொடுத்துவிடுங்கள்: “வைத்தியரே, இந்த நேரத்தில் இங்கே என்ன?” மரியாதையும் வந்துவிடும், பாலும் வெளிப்படாது.

“நடக்கிறாய், பார்க்கிறாய், எடுக்கிறாய்” என்று வரிக்கு வரி ஒரே விகுதி வந்தால் காது சலித்துவிடும். வினைமுற்று இல்லாத வரிகளை இடையிடையே விடுங்கள்: “எதிரே மூன்று கதவுகள். நடுக்கதவில் மட்டும் துருவில்லை.”

எண் போடுதல்

எழுத்து வேலை முழுதும் முடிந்த பிறகே எண் போட வேண்டும். அதுவரை உரையில் இணைப்புகளை @சுனைக்கரை@ என்று இருபுறமும் குறியிட்டு எழுதுங்கள். பின்பக்கக் குறி இல்லாவிட்டால் ‘சுனை’யை மாற்றும்போது ‘சுனைக்கரை’யும் சேர்ந்து மாறிவிடும். “போக விரும்பினால் பத்தி @சுனைக்கரை@” என்று வேற்றுமை உருபு ஒட்டாமல் எழுதினால் எந்த எண் வந்தாலும் வாக்கியம் கெடாது.

முதல் பத்திக்கு 1, வெற்றிக்கு 100 என்பது வழக்கம். அடுத்து மறை எண் கூட்டல்களில் வரும் பத்திகளுக்கு எண்ணை நிலைநிறுத்துங்கள். 41, 64 இரண்டையும் இனி அசைக்கக்கூடாது. மென்பொருள் எண்களைக் கலைத்துக் கொடுத்தாலும் உரைக்குள் இருக்கும் கூட்டல் கணக்கு அதற்குத் தெரியாது. நல்ல புத்தகங்களும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. மற்றவற்றை ஷீட்டில் தற்செயல் எண் கட்டம் ஒன்று சேர்த்து வரிசைப்படுத்திக் கலையுங்கள். இணைந்த இரு பத்திகளின் எண் வித்தியாசம் ஐந்துக்குக் குறைவாக இருந்தால் ஒன்றை இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் விடை அதே பக்கத்தில் கண்ணில் படும்.

திரையில் ஆடுவதற்கு என்றால் ட்வைன் (Twine) என்ற மென்பொருள் போதும். இலவசம், நிரல் தெரிய வேண்டாம். [[படகில் ஏறு->ஆற்றங்கரை]] என்று எழுதினால் இணைப்பு தயார், எண்ணே தேவையில்லை. இரண்டு எச்சரிக்கை. உலாவியில் எழுதினால் கதை அந்த உலாவியிலேயே சேமிக்கப்படும், உலாவியின் தரவை அழித்தால் கதையும் போகும். ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததும் ஒரு காப்பகக் கோப்பை இறக்கிவையுங்கள். இரண்டாவது, ‘கொ’ போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். வேறு இடத்திலிருந்து ஒட்டிய பெயர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், ஆனால் இணைப்பு சேராமல் காலிப் பத்தி ஒன்று முளைக்கும். பெயரை ஒரே விசைப்பலகையில் மறுபடி தட்டினால் சரியாகிவிடும்.

சோதனை

ஆட்களிடம் கொடுக்கும் முன் கணக்கேட்டை வைத்து நீங்களே பாருங்கள். 1-ஐத் தவிர ‘எங்கிருந்து’ கட்டம் காலியாக உள்ள பத்தி அனாதை. ‘எங்கே’ காலியாக இருந்தால் அது முடிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசகர் நடுவழியில் நிற்பார். ஒவ்வொரு குறிச்சொல்லும் கேட்கப்படும் முன்பு கிடைக்க வழி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

பிறகு நான்கு பேர். மூன்று பேர் நேர்மையாகப் பகடை உருட்டட்டும், நான்காமவரின் வேலை புத்தகத்தை உடைப்பது. “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். போன பத்தி எண்களை 1, 37, 62 என்று வரிசையாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எங்கே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுத்ததை எட்டிப் பார்த்துப் பின்வாங்கினார்கள், எங்கே ஆட்டத்தை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். இருவர் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் அங்கே கட்டாயம் கோளாறு உண்டு. ஒரு பத்தியை யாருமே மிதிக்கவில்லை என்றால் அதற்குப் போகும் வழியின் வர்ணனை ஆளை விரட்டுகிறது என்று பொருள்.

வெளியிடுதல்

அச்சு வடிவுக்குப் பிடிஎஃப், ஏ5 அளவு. கைபேசியில் ஏ4-ஐவிட எளிதாகப் படிக்க முடியும். நோட்டோ செரிஃப் தமிழ் இலவச எழுத்துரு. அதைக் கோப்புக்குள்ளேயே பதியுங்கள், இல்லாவிட்டால் சில கருவிகளில் கொம்புகள் இடம் மாறும். எண்களைத் தொட்டால் அந்தப் பத்திக்குத் தாவும்படி இணைப்பு கொடுங்கள். வலு, பொருட்கள், குறிச்சொற்கள் எழுதும் தாள் ஒரே பக்கத்தில் தனியாக இருக்க வேண்டும். ட்வைன் கதை ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக வெளிவரும், ஆட்டங்களை வெளியிடும் இட்ச் (itch.io) தளத்தில் அப்படியே ஏற்றலாம்.

அறிமுகக் குறிப்பில் பத்தி எண்ணிக்கை, பகடை வேண்டுமா, ஒரு முறை ஆட எவ்வளவு நேரம், குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்பவை இருக்கட்டும். சோதித்தவர்கள் பெயரை அவர்கள் சம்மதத்தோடு போடுங்கள், வெறும் நன்றியைவிட அது பெரிது. பிறர் உருவாக்கிய உலகத்தில் கதை அமைத்தால் உரிமையாளரின் நிபந்தனையைப் படித்துவிட்டு இலவசமாக மட்டும் கொடுங்கள். ஆட்ட விதிகளைப் பழைய புத்தகத்திலிருந்து வரிக்கு வரி எடுக்காமல் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் விதிகளை முதலில் பாருங்கள்: வாசகரின் தேர்வால் நகரும் கதைகளுக்காக 1995 முதல் நடக்கும் இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் போட்டி, ஏற்கெனவே பொதுவில் வெளியான படைப்பை ஏற்பதில்லை.

கோப்பின் பெயரிலும் முதல் பக்கத்திலும் பதிப்பு எண் போடுங்கள், 1.0 என்று. வெளியான முதல் வாரத்தில் பிழைகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுக் கோப்பு ஏற்றாமல் சேர்த்துவைத்து 1.1 ஆக விடுங்கள், எந்தப் பத்தியில் எதை மாற்றினீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் குறியுங்கள். திருத்தும்போது எண்களை மறுபடி கலைக்காதீர்கள். பாதி ஆட்டத்தில் 58-இல் நிறுத்திவைத்தவர் புதிய கோப்பைத் திறந்தாலும் அதே 58-இலிருந்து தொடர வேண்டும்.