ஆவணிக் கல்யாணமும் மேல்காற்றும்: வீட்டில் செய்யக்கூடாதவை

ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டு, 'ஆடி கழியட்டும்' என்று வீட்டு வேலையைத் தள்ளிப்போடுவதுதான் தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கத்தில் நடக்கும் முதல் தவறு. ஆடியில் நல்ல காரியம் பேசமாட்டோம், சரி. கொத்தனாரைக் கூப்பிடக்கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லையே! வெள்ளையடிப்புக்கு ஆடியே தாமதம்தான். ஆனியில் சாரல் இறங்கிவிட்டால் சுவர் காயாது. ஈரச் சுவரில் அடித்த டிஸ்டெம்பர் சம்பந்தி வீட்டார் சாய்ந்து உட்காரும்போது அவர்கள் சட்டையோடு போகும். பெயிண்ட் வேலையை வைகாசிக்குள் முடித்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆவணியிலும் ஓயாது. அதை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அப்படியிருந்தும் பந்தல்காரரிடம் "வாசலைப் பாத்தாப்ல போடுங்க அண்ணாச்சி" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். மேற்கே திறந்த துணிப்பந்தல் காற்றை வாங்கி உப்பி, காலோடு கிளம்பிவிடும். மேற்குப் பக்கத்தைத் தகரம் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். கயிற்றைத் தென்னையில் கட்டவிடாதீர்கள். மரம் ஆடும் ஆட்டமெல்லாம் பந்தலுக்கு வரும். பந்தலுக்கு மேலே நிற்கும் மரங்களில் காய்ந்த மட்டையையும் நெற்றையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்.

ஆக்குப்புரையை, அதாவது சமையல் கொட்டகையை, மேற்கே போட்டால் புகை முழுவதும் மணவறைக்குத்தான் வரும். தென்கிழக்கு மூலையில் போடுங்கள். வாஸ்து பார்க்கிற பெரியப்பாவும் அதையே சொல்வார், சண்டை மிச்சம். அடுப்புக்கு மேலே தென்னங்கீற்றுக் கிடுகு வேண்டாம், தகரம் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பெரிய அலட்சியம். சாரல் காலத்தில் கிணறு நிறையும், கூடவே மேல்மண் அழுக்கும் இறங்கும். தெளிவாகத் தெரிகிறது என்று அப்படியே இறைத்துச் சமைக்கிறோம், இல்லையென்றால் பிளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளி வீசுகிறோம். இரண்டும் தப்பு. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்பது கணக்கு. 2 மீட்டர் அகலக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீருக்கடியில் மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். வண்டலைக் கொட்டினால் தண்ணீர் கடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது விட்டு இறையுங்கள். முதல் நாள் இரவே செய்துவிட்டால் காலையில் அவசரமில்லை.

நாலு பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்க் கல்யாணக் கூட்டத்தைத் தாங்காது. பத்து நாள் முன்பே காலி செய்துவிடுங்கள். மூடியின் மேல் பாத்திர லாரி ஏறாதபடி நாலு கல்லும் நட்டுவிடுங்கள்.

தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. கடைசி வாரத்தில் அடித்தால் புல் பாதி பச்சை, பாதி மஞ்சளாகச் சொறி பிடித்தாற்போல் கிடக்கும், மண்வெட்டியே மேல். சேறாகும் இடத்தில் சரள் பரப்பாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலிக் கால்கள் மண்ணுக்குள் இறங்கும். விறகுக் குவியலையும் தொண்டுக் (தேங்காய் மட்டை) குவியலையும் பகலில், கம்போடு, சில வாரம் முன்பே கலையுங்கள். பாம்பு, தேள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். மர உச்சியில் கடந்தைக் (கொட்டும் பெரிய குளவி) கூடு இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். தீயணைப்பு நிலையத்தில் சொன்னால் வந்து அழித்துக் கொடுப்பார்கள்.

பூவும் இலையும் உள்ளூரில்தானே விளைகிறது என்று கடைசி நேரம்வரை இருந்துவிடாதீர்கள். நமக்கு ஆடி மாதிரி மலையாளத்தாருக்குக் கர்க்கடகம். அவர்களும் நம் ஆவணியான சிங்ஙம் பிறக்கட்டும் என்றுதான் காத்திருப்பார்கள். ஓணமும் அதே மாதத்தில். பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி மலை தாண்டிக் கேரளாவுக்குப் போய்விடும், கேந்தியும் (செண்டுமல்லி) பிச்சியும் விலை ஏறிவிடும். வாசலில் சொந்தக் கேந்தி பூக்க வேண்டுமென்றால் ஆனி பிறந்ததுமே நாற்று நட வேண்டும். 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர் என்பதால் செங்கோட்டைக் குடும்பங்களுக்குப் புனலூரிலும் கொல்லத்திலும் சொந்தம் அதிகம். ஓண வாரத்தில் அவர்களுக்கு ரயிலில் இடம் கிடைப்பது பெரும்பாடு. எனவே தேதி குறிக்கும்போதே திருவோணம் என்றைக்கு என்று பார்த்துவிட்டு, சமையல்காரருக்கும் இலைக்கடைக்கும் அன்றே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.